வேலிக்குப் பின்னால் இருந்த கடல்

கொலோனுக்கு அருகிலுள்ள அந்தக் கேளிக்கைப் பூங்காவில் ஹலோவீன் தொடங்கிவிட்டால் அன்ரனிற்றாவுக்கு விளக்குமாற்றைக் கீழே வைக்க நேரம் கிடைக்காது. மத்தியானத்திலேயே வாசலில் சனம் நெருக்கியடிக்கும். பேய் வீட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் சோளப்பொரி தின்றபடி நகர்வார்கள். சிந்திய பொரி அவர்கள் காலோடு சேர்ந்து நகரும். முகமெல்லாம் இரத்தச் சாயம் பூசிய பிள்ளைகள் அவளிடம் வந்து கழிப்பறை எங்கே என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

இந்த வருடம் அதைவிட அதிகமாக இன்னொன்றைக் கேட்டார்கள். பழைய குளத்தைச் சுற்றி உயரமான பலகை வேலி எழும்பியிருந்தது. உள்ளே என்ன வரப்போகிறது என்று பூங்கா வாய் திறக்கவில்லை. எனவே சனம் திறந்தது. ரோலர் கோஸ்டர் என்றான் ஒருவன். விழுகிற கோபுரம் என்றாள் இன்னொருத்தி. பலகை இடுக்குக்குள் கைபேசியை நுழைத்துப் படம் எடுத்தவர்கள், அன்ரனிற்றாவின் சீருடையைக் கண்டால் விடமாட்டார்கள். அவள் தெரியாது என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டே போய்விடுவாள்.

அவளுக்குத் தெரியும். கோடையிலிருந்து வேலிக்கு உள்ளே துப்புரவு செய்பவர்களில் அவளும் ஒருத்தி. வெளியே ஒரு சொல்லும் போகாது என்று கையெழுத்தும் வைத்திருந்தாள். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் அவள் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுத் திகதி இருந்தது. ஹலோவீன் முடிய அவளை நிரந்தரமாக்க எண்ணியிருப்பதாக மேற்பார்வையாளர் பிராவ் ஹோல்ற்ஸ் சொன்ன அன்று, உடுப்பு மாற்றும் அறையில் தனியே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டில் இன்னொரு சோதனை இருந்தது. மகன் நிலக்ஷன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, இப்படியான பூங்காக்களைப் பற்றி யூடியூப்பில் பேசுகிறவன். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். வேலிக்கு மேலே தெரிந்த பாரந்தூக்கியின் உயரத்தை வைத்தே அது ரோலர் கோஸ்டர்தான் என்று கோடை முழுக்க நிரூபித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அறைக் கதவு வழியே அதைக் கேட்டு, அவள் கறிச்சட்டிக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் சிரிப்பாள். அவன் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவள் வாய் தவறியது கோயிலில்தான். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்ததும், விரும்பியவர்கள் ஒலிவாங்கியில் வந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வது அவர்களுடைய வழக்கம். ஒக்ரோபர் மாதப் பூசையில் அன்ரனிற்றாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எழுந்து போனாள். நிரந்தரமாகப்போகும் வேலைக்கு நன்றி சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"ஆண்டவரே, வாற வருசம் அந்தக் கடல் குகைக்குள்ள படகில போகப்போற பிள்ளையள் ஒருத்தருக்கும் ஒரு ஆபத்தும் வரக்கூடாது."

எல்லோரும் ஆமென் என்றார்கள். கையெழுத்து வைத்தது ஜெர்மனில். இது தமிழில், அதுவும் கடவுளிடம். வெளியே சொல்வது என்ற கணக்கில் இது வரும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோதுதான், பாடகர் குழுவில் பாடும் லவினியா காதருகே வந்து கேட்டாள்.

"அன்ரி, குகைக்குள்ள படகு மட்டுமோ, இல்லாட்டி பேயும் வருமோ?"

தான் வெளியே சொல்லிவிட்டது அன்ரனிற்றாவுக்கு அப்போதுதான் உறைத்தது. லவினியா நிலக்ஷனின் காணொளி ஒன்றையும் தவறவிடாத பிள்ளை.

காரில் வீடு திரும்பினார்கள். பாதி வழியில் நிலக்ஷன், "நான் பூசையில நித்திரை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அம்மா" என்றான்.

"நீ கீபோட் வாசிச்சனி."

"வாசிச்சுக்கொண்டே நித்திரை."

அவள் சிரிக்கவில்லை. ஹலோவீன் அன்று வேலிக்கு முன்னால் நின்று, நேரலையில் தன் கடைசி ஊகத்தைச் சொல்லப்போவதாக அவன் ஏற்கெனவே அறிவித்திருந்தான். மறுபடி ரோலர் கோஸ்டர் என்றால், தன்னை நம்பிப் பார்ப்பவர்களுக்குச் சொல்லும் பொய். குகை என்றால் அம்மாவின் வேலை போய்விடும். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. கேட்டால் பிள்ளையை நம்பாததாகிவிடும்.

ஹலோவீன் அன்று பின்னேரம் அவள் வேலிப் பக்கத்தைத் தானே கேட்டு வாங்கிக் கூட்டினாள். பிணங்களும் சூனியக்காரிகளுமாக வேடமிட்டவர்கள் நிலக்ஷனைச் சுற்றி நின்றார்கள். அவன் கைபேசியைப் பார்த்து நிதானமாகப் பேசினான். தன் ரோலர் கோஸ்டர் ஊகத்தைத் திரும்பப் பெறுகிறான்; புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை; இதை மட்டும் திறக்கிற அன்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான். அவ்வளவுதான். கூட்டம் ஊளையிட்டது. இரத்தக்காட்டேரிப் பல் வைத்த ஒருவன் பயந்தாங்கொள்ளி என்று கத்தினான்.

அப்போது கூட்டத்தில் நின்ற லவினியாவை அவளுடைய தோழி ஒருத்தி காட்டி, இவளுக்கு ஏதோ தெரியும், நெடுகச் சிரிக்கிறாள் என்றாள். கைபேசிகள் எல்லாம் லவினியா பக்கம் திரும்பின. அன்ரனிற்றாவின் விளக்குமாறு நின்றுவிட்டது.

லவினியா தோளைக் குலுக்கினாள். தெரியும்தான், கோயிலில் கடவுளுக்குச் சொன்னதை ஒட்டுக் கேட்டேன் என்று ஜெர்மனில் சொன்னாள். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். இனி இவளிடம் ஒன்றும் கிடைக்காது என்று கைபேசிகள் இறங்கின. பேய் வீட்டுப் பக்கம் யாரோ வீறிட, கூட்டம் அங்கே ஓடியது. லவினியா போகிற போக்கில் அன்ரனிற்றாவைப் பார்த்து ஒற்றைப் புருவத்தை உயர்த்தினாள்.

நிலக்ஷனின் பார்வையாளர்கள் கொஞ்சப் பேர் விலகிப் போனார்கள். மறுநாள் அவள் நண்டுக் கறி வைத்தாள். அவன் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டான். அவர்களுக்குள் நன்றி அந்த அளவில்தான் சொல்லப்பட்டது. அன்று ஆமென் சொன்ன அத்தனை பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும். நவம்பரில் பிராவ் ஹோல்ற்ஸ் கைகுலுக்கிக் கொடுத்த ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி இருக்கவில்லை.

ஏப்ரலில், ஊருக்குத் திறக்கும் முன்பு, வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினார்கள். கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். படகு லேசாக ஒரு தட்டுத் தட்டி இருட்டுக்குள் நுழைந்தது. பாறைகளுக்கு அடியிலிருந்து நீல ஒளி மேலேறித் தண்ணீர் முழுக்கப் பரவியது. அன்ரனிற்றா அதைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூட மறந்திருந்தான்.

"இது முழுக்க நீங்களோ அம்மா துடைச்சனீங்கள்?"

"முழுக்க இல்லை. அந்த உச்சி எனக்கு ஏலாது. அது எங்களோட துப்புரவு செய்யிற மெஹ்மெட்டின்ர வேலை."

வெளியே வந்ததும் அவன் திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றான். அவளும் போய் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.