முதல் கேள்வி அவளுடையது

தையல் கூடத்தில், தைத்து முடித்த சட்டைக் காலர்களை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி அவசரத்தில் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். ஒரு மூட்டை முழுக்க அப்படியே. பிளேடு முனையை நூலுக்கு அடியில் விட்டு, துணியில் படாமல் ஒவ்வொரு தையலாக அறுத்து, கட்டைவிரல் நகத்தால் நூலை இழுத்துப் போட்டாள். உதவியாளர் வந்து மேசைக்கு எதிரில் நின்றபோதும் அந்தக் கை நிற்கவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு முக்கியமான கேள்வி."

"சாக்கடையா, ரோடா?"

"சட்டம்க்கா. இந்தத் தடவை பெரிய விஷயம்."

என் சீருடையில் பிரிந்துபோன தோள்பட்டையைத் தைத்து வாங்க வந்து நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்ததுபோல் திரும்பிக்கொண்டார். கிழவிகள் முன்னால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆண்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அது பல முறை உதவியிருக்கிறது.

அவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் பள்ளிக்கூட அரங்கில் மக்களைச் சந்திப்பார். எந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, எந்தக் கால்வாய் வேலை ஏன் நின்றது, சட்டமன்றத்தில் என்ன சட்டம் நிறைவேறியது என்றெல்லாம் விளக்குவார். சாயங்காலமே அது படங்களோடு எல்லோர் செல்போனுக்கும் வந்துவிடும். பேச்சு முடிந்ததும் கேள்விக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். முதல் கேள்வி எப்போதும் இவளுடையதுதான். இவள் கேட்டு, அவர் விரிவாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஊர் இவளை நேரில் கேள்வி அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் வாடகை வாய் என்றும் கூப்பிட்டது.

வேலையை அவள் நன்றாகச் செய்வாள். புகழ்ந்து கேட்க மாட்டாள், எழுந்ததுமே கோபப்படுவாள். "என்னங்க ஐயா, வருஷா வருஷம் இதையேதான் சொல்றீங்க, அந்தப் பாலம் எங்க ஆயுசுல வருமா வராதா?" என்று குரலை உயர்த்துவாள். தொண்டை அடைக்கும். கைக்குட்டையை எடுப்பாள். உறுப்பினர் முகம் வாடியவர்போல் கொஞ்சம் நின்றுவிட்டு, பாலத்துக்கு அடுத்த வாரமே வேலை தொடங்குகிறது என்று அறிவிப்பார். அது அவளுக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்கும்.

இப்படி ஆனதற்குக் காரணம் அவள் மகன். பிள்ளைக்கு மூளை வளரவில்லை என்று டாக்டர் சொன்ன மாதமே புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். எனக்குப் பிள்ளையே கிடையாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். பையன் வளர்ந்தான், தோள் வாசலை அடைக்கும் அளவுக்கு. புத்தி மட்டும் இரண்டு வயதில் நின்றுவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ரோட்டுக்கு ஓடுவான். ஒருமுறை லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவனை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவன் கதவில் நெற்றியை மோதிக்கொண்டே இருப்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்க முடியவில்லை என்றார்கள். "இனிமே பூட்டினா வீட்டைக் காலி பண்ணிடு" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வாரம்தான் அவள் முதல்முறையாகக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று கத்தினாள். "அவனைக் கொன்னுட்டு வேலைக்குப் போகவா, இல்ல வேலைய விட்டுட்டு ரெண்டு பேரும் பட்டினி கிடக்கவா? நீங்களே சொல்லுங்க!" முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சில நாளில் நான் வேலை பார்க்கும் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. அதற்கடுத்த வாரம் உதவியாளர் தையல் கூடத்துக்கு வந்தார். "அக்கா, உங்க குரல்ல ஏதோ ஒண்ணு இருக்குக்கா. வீணாக்கக் கூடாது. மாசா மாசம் கேளுங்க, என்ன கேக்கணும்னு நான் சொல்றேன்" என்றார். கேட்காவிட்டால் பையனை வெளியே அனுப்பிவிடுவோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மையத்தில் நாங்கள் அவனைப் பெரிய தம்பி என்போம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் என் வேலை. உயரமான மதில், பூட்டிய கேட். வண்டிச் சத்தம் உள்ளே வராது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்குவான். வந்த பிறகு அவன் நெற்றியில் புதிதாக ஒரு காயம்கூட இல்லை.

உதவியாளர் அன்று கொண்டுவந்த சட்டத்துக்குக் குடும்ப இணைப்புச் சட்டம் என்று பெயர்.

"பதினெட்டு தாண்டினவங்க இனிமே மையத்துல இருக்க முடியாதுக்கா. குடும்பத்தோடதான் இருக்கணும். ஐயா ஆதரிச்சுப் பேசியிருக்கார். சில பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. அதனால ஒரு அம்மா எழுந்து, இதனால எங்களை மாதிரி ஆளுங்களுக்கு என்ன நன்மைன்னு கேக்கணும். ஐயா விளக்கிச் சொல்லிடுவார்."

பிளேடு நின்றது. "என் பையனுக்கு இருபத்தாறு வயசு தம்பி."

"தெரியும்க்கா. அதனாலதானே நீங்க கேட்டா எடுபடும்ங்கறேன்."

"அவனை நான் எங்க விடுவேன்?"

"அவனுக்கு மட்டும் தனியா ஏதாவது பண்ணிக்கலாம். நான் எதுக்கு இருக்கேன்? நீங்க எப்பவும்போல கொஞ்சம் கோபமா ஆரம்பிங்க, போதும்."

அவர் படியிறங்கிப் போனதும் அவள் என்னிடம் திரும்பினாள். "பண்ணுவாங்களாக்கா?"

"பண்ண மாட்டாங்க. அவன் தட்டு, துணி, போர்வை எல்லாத்தையும் இன்னைக்குக் காலையிலயே மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. கட்டினதே நான்தான். சனிக்கிழமையோட அவனுக்குக் கடைசி."

அவள் அழவில்லை. இன்னொரு காலரை எடுத்தாள், பாதி பிரித்தாள், வைத்தாள்.

"அப்ப நெசமாவே கேட்டுடறேன். முதல் தடவை அப்படிக் கேட்டுத்தானே இடம் கிடைச்சுது?"

"ஆமா, கிடைச்சுது. கேளு."

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. பையனை விட இடமில்லாததால் அழைத்து வந்திருந்தாள். நான் அவனைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு முன்வரிசையில் பள்ளத்தெருக்காரி இருந்தாள். மழை பெய்தால் சாக்கடை அவள் வீட்டு அடுப்பு வரைக்கும் வரும். மாதா மாதம் கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்குவாள். மாதா மாதம் கேள்வி அக்காவோடு நேரம் முடிந்துவிடும். அவள் பின்னால் திரும்பிப் பையனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த மாசம் நாடகத்துக்கு ஆளையும் கூட்டிட்டு வந்துட்டாங்களா?" என்று பக்கத்தில் இருந்த ஒரு லாரிக்காரரிடம் சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உறுப்பினர் தெருவிளக்குகளைச் சொன்னார், கால்வாயைச் சொன்னார், கடைசியில் சட்டத்துக்கு வந்தார். "பிள்ளைகளை அம்மாக்கள்கிட்டயே திருப்பிக் கொடுக்கிற சட்டம் இது" என்றார். கைதட்டினார்கள். உதவியாளர் கண்ணைக் காட்டினார். அவள் எழுந்தாள்.

"ஐயா, அதோ உக்காந்திருக்கானே, அவன் என் பையன். நேத்தோட அவனை மையத்தை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போகணும். போனா அவன் ரோட்டுக்கு ஓடிருவான். போகலன்னா எங்களுக்குச் சோறு இல்ல. திருப்பிக் கொடுக்கறேங்கறீங்களே, நான் அவனை எங்க வைப்பேன்?"

குரல் உயர்ந்தது. தொண்டை அடைத்தது. கைக்குட்டையை எடுத்தாள். எல்லாம் அதே வரிசையில் நடந்தது.

"அக்கா, இது சூப்பர்!" என்று லாரிக்காரர் குரல் கொடுத்தார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

உறுப்பினர் உதவியாளரைப் பார்த்தார். கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறதே என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஒரு நொடி வந்து போனதாக எனக்குத் தோன்றியது. உதவியாளர் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். உறுப்பினர் நெஞ்சில் கை வைத்தார்.

"பார்த்தீங்களா, ஒரு தாயோட தவிப்பை! இந்தத் தவிப்புக்குப் பதில்தான் இந்தச் சட்டம். பிள்ளையைக் கூடவே வெச்சுப் பார்த்துக்கற ஒவ்வொரு அம்மாவுக்கும் அரசாங்கம் குடும்பப் பராமரிப்பாளர்னு சான்றிதழ் கொடுக்கும்."

பெரிய கைதட்டல். அவள் கைக்குட்டையைக் கீழே போட்டாள்.

"சான்றிதழ் அவனைப் பிடிச்சு வைக்குமா ஐயா? நான் நெசமாக் கேக்கறேன்! இது உங்க உதவியாளர் சொல்லிக் கொடுத்த கேள்வி இல்ல! என் சொந்தக் கேள்வி!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அப்படியொரு சிரிப்பை அங்கே நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட என்னவென்று தெரியாமலே சிரித்தன. சத்தத்துக்குப் பெரிய தம்பி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

பள்ளத்தெருக்காரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அப்ப இத்தனை நாளா கேட்டதெல்லாம் சொல்லிக் கொடுத்ததுதானேக்கா? நாங்க கையைத் தூக்கிட்டு நிக்க நிக்க, நீ பாலம் வருமான்னு கண்ணைக் கசக்கிட்டு இருந்தே. என் வீட்டுல மலம் மிதந்துச்சு. அப்ப உனக்கு எங்க போச்சு இந்தச் சொந்தக் கேள்வி?"

கேள்வி அக்கா குனிந்து, கீழே கிடந்த கைக்குட்டையை எடுத்தாள். உறுப்பினர் நல்ல தருணம் பார்த்து, "அடுத்து அந்தத் தங்கச்சி கேக்கட்டும்" என்று பள்ளத்தெருக்காரியைக் காட்டினார். அவள் சாக்கடையைப் பற்றிக் கேட்டாள். மழைக்கு முன்னால் குழாய் போட்டுத் தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்கு வாங்கினாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

வெளியே படிக்கட்டில் உதவியாளர் எங்களைப் பிடித்தார். கோபமெல்லாம் இல்லை.

"நல்லாத்தான் பண்ணீங்கக்கா. கடைசியில கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு. ஜனங்களுக்கு உங்க முகம் பழகிடுச்சு பாருங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளை வெச்சுக்கறோம், நீங்க ரெஸ்ட் எடுங்க."

"என் பையன் விஷயம் தம்பி?"

"அதான் சட்டமே வந்திருச்சேக்கா, நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

சாயங்காலம் எல்லோருக்கும் செய்தி வந்தது. தெருவிளக்குக்கும் குழாய்க்கும் நடுவில் அவள் படம்: வாய் திறந்திருக்கிறது, பின்னால் பையன் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். 'மகனோடு வந்து கண்ணீர் மல்க நன்றி தெரிவித்த தாய்' என்று கீழே எழுதியிருந்தார்கள். என் போனில் அதைப் பார்த்தவள், "படத்துல நல்லாத் தெரியறான்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை என் வேலை நேரத்துக்கு முன்னால் தையல் கூடத்துக்குப் போனேன். முன்கதவைத் திறந்தால் லாரி போகும் ரோடு. காற்றுக்காக அதை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார்கள். முதலாளி வாசலில் நின்றுகொண்டு, "மூலையில இருந்துட்டுப் போகட்டும். துணியைத் தொடக் கூடாது. ஓடி அடிபட்டான்னா என்கிட்ட வந்து நிக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் ஏற்கெனவே ரோட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்திருந்த அவள் என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆளைக் கட்டுவதை எங்கள் பயிற்சியில் கடைசியாகத்தான் சொல்லித் தருவார்கள். கட்டாமல் பார்த்துக்கொள்ள எல்லா வழியும் போன பிறகு என்று அர்த்தம். நான் கொண்டுபோன பழைய படுக்கை விரிப்பை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தேன். அவன் கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்தேன். தரையோடு பதித்த, துணி வெட்டும் மேசையின் காலில் ஒரு முனை, அவன் காலில் ஒரு முனை.

"உன் ரெண்டு விரல் உள்ள போகணும். போகலன்னா இறுக்கம், மூணு போனா கழட்டிக்குவான். முடிச்சு அவன் கைக்கு எட்டாத பக்கம் இருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவுத்து நடக்க வை, அப்புறம் அடுத்த கால்ல கட்டு. தோல் சிவந்தா அன்னைக்கு அந்தக் கால் வேண்டாம்."

"சரிக்கா."

"நான் கட்டினதை அவுத்துட்டு நீ கட்டு. பாக்கறேன்."

அவிழ்த்தாள், கட்டினாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அவன் ஒருமுறை உதறினான், மேசை அசையவில்லை. கத்தத் தொடங்கினான். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தையல் மெஷின் மோட்டாரைப் போட்டார்கள். அந்த இரைச்சலில் அவன் கத்தல் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது.

"ரத்தம் ஓடுதான்னு எப்படிப் பாக்கறதுக்கா?" என்று என் காதருகில் குனிந்து கேட்டாள்.

செய்து காட்டினேன். அவளும் மண்டியிட்டு, அவன் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் மெல்லச் சிவந்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தன் மெஷினில் உட்கார்ந்தாள்.