கொட்டாங்குச்சிக் குகை

ஆர்.எஸ்.புரத்தில் என் மகள் வீட்டில் ஓர் அலமாரி நிறையப் பூதங்கள் நிற்கின்றன. கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே சின்ன விளக்கெல்லாம் வைத்திருக்கிறான் பேரன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். கொம்பு வைத்தது, எலும்புக்கூடு, இரண்டு தலை ஓநாய், கோடாலி பிடித்த குள்ளன், தாடிக்கார மந்திரவாதி. எல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தவை. நிறம் மட்டும் இவனே பூசுகிறான். ஒரு பூதத்தின் கண்ணுக்குக் கறுப்பு வைக்க ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். வயது இருபத்தெட்டு, கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெண் வீட்டார் வருகிற அன்றைக்கு அந்த அலமாரிக்கு ஒரு போர்வை போட்டுவிட வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சிநேகிதர்கள் நாலு பேர் வந்துவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் அட்டை அட்டையாக ஒரு குகையைச் சேர்ப்பார்கள். ஒரு கதவைத் திறந்தால்தான் அடுத்த அறை தெரியும். அறைக்குள் என்ன காத்திருக்கிறது என்பது ஒருத்தனுக்கு மட்டும் தெரியும், அவன்தான் குகையை நடத்துகிறவன். மற்றவர்கள் கத்தியும் வில்லுமாகத் தங்கள் பொம்மையை நகர்த்தி, பகடையை உருட்டி, அவனிடமிருந்து தப்பிக்கப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். காது இரண்டும் மேஜைமேல்தான் இருக்கும்.

எழுபத்து நாலு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த அலமாரியை முதல்தடவை பார்த்தபோது பேரன் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. பத்து வயதில் ஒரு பிஸ்கட் பெட்டியைப் பார்த்து எரிந்ததே, அதே எரிச்சல், அதே இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே.

அந்தப் பெட்டி என் சித்தப்பா மகனுடையது. ஒரே வளவுக்குள் எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரும் புதிருமாக இருந்தன. என்னைவிட மூன்று மாதம் சின்னவன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அண்ணா என்பான், இல்லாவிட்டால் டா. சித்தப்பா சைக்கிளில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு ஒரு பவுண்டரி வேலைக்குப் போய்வந்தார். என் அப்பா காட்டு வேலைக்காரர். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு புல்லுக்கட்டு வரும். அவர்கள் வீட்டுக்கு ஒரு சைக்கிள் மணி வரும். அந்த மணிச்சத்தம் கேட்டால் எங்கள் எருமைகூடத் தலையைத் திருப்பும்.

பவுண்டரியில் பம்புக்கான அலுமினிய உருப்படிகளை வார்ப்பார்கள். கறுப்பு மண்ணில் அச்சை அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருக்கியதை ஊற்றுவது. கரண்டியில் மிச்சம் நிற்குமே, அதை வைத்துச் சித்தப்பா தனியாக ஒரு வேலை செய்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் விரலளவு பொம்மை செதுக்கி, அதை மண்ணில் அழுத்தி ஊற்றிவிடுவார். ஆறினதும் அரம் போட்டு ராவினால் வெள்ளி மாதிரி மின்னும். அப்படி வந்தவர்கள் வேல்காரன், வில்காரன், தாடி வைத்த சாமியார், ஒரு வேட்டை நாய். எல்லாம் மகனுக்கு. பெட்டிக்குள் பஞ்சு போட்டுப் படுக்க வைத்திருப்பான். என்னிடம் பனங்காய் வண்டி இருந்தது. நன்றாக ஓடும். ஆனால் அதைப் பெட்டியில் போட்டு மூடிவைத்து ஒருத்தனுக்கும் காட்டாமல் இருக்க முடியாது.

வீட்டுக்குப் பின்னால் சோளம் காயப்போடுகிற பாறை ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் அதன்மேல் அடுப்புக் கரியால் ஒரு குகை வரைவான். அறைகள், வழிகள், முட்டுச்சந்து. கோடு நேராக வரும், நோட்டில் கோடு போட்டுப் பழகியவன். அறைக்கு ஒன்றாக ஒன்பது கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து வைப்போம். பிறகு அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு கொட்டாங்குச்சிக்குள்ளும் என்ன வைப்பது என்பது என் வேலை. அவன் புளியங்கொட்டைகளை உருட்டி, வேல்காரனை நகர்த்தி, அறைக்கு வந்து கொட்டாங்குச்சியைத் தூக்குவான்.

உள்ளே வாய்க்கால் நண்டு இருக்கும். இலையில் மடித்த செவ்வெறும்பு இருக்கும். செத்த தேள் ஒன்றை ஒரு வாரம் வைத்திருந்து மூன்று தடவை பயன்படுத்தினேன். ஒருநாள் ஒன்றும் கிடைக்காமல், பாறையில் சின்னக் குழியாக இருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றி மேலே கொட்டாங்குச்சியை மூடிவிட்டேன். தூக்கியவன் முழித்தான்.

"இது பூதத்தோட கெணறுடா. உழுந்துபோட்டீல்ல, மேல வாரதுக்கு மூணு தாயம் போடோணும்" என்றேன்.

"போடாட்டி?"

"கெணத்துக்குள்ள அது குடியிருக்குது. உன்ற வேல்காரனோட காலை இப்ப மோந்து பாத்துட்டிருக்குது."

அவன் கண் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். சித்தி சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. இதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. நண்டிடம் கடி வாங்குகிறவன் நான், ஜெயிக்கிறவன் அவன் என்பதுதான் தெரிந்தது. அவன் பக்கத்தில் நாலு உருவம் மின்னிக்கொண்டு நின்றன. என் பூதத்துக்கு உருவமே கிடையாது, என் தொண்டை மட்டும்தான். வில்காரனையாவது ஒருநாள் கொடு என்று கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

"நீ பூதமாச்சேடா. பூதத்துக்கெதுக்குடா வில்லு?"

அந்த வருஷம் காரமடைத் தேர் முடிந்த கையோடு சித்தப்பா ஒரு குதிரைவீரனை வார்த்துக்கொண்டு வந்தார். தேரில் பார்த்த குதிரை அவர் கையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. வீரன் வாளைத் தூக்கியிருந்தான், குதிரை முன்னங்கால்களைத் தூக்கியிருந்தது. அதில் ஒரு கால் மட்டும் குட்டை. உருக்கி ஊற்றியது அந்த மூலைவரை ஓடவில்லை. அதைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது. அவன் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"தொடாதடா, கையெல்லாம் சேறு."

அவனுடைய குகைக்கு நண்டு பிடித்ததால் வந்த சேறு அது.

அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் குதிரைவீரன் என் டவுசர் ஜோப்புக்குள் இருந்தான்.

திருடின பொருளை வைத்து விளையாட முடியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. எருமை கட்டுகிற இடத்தில் வைக்கோலுக்குள் சொருகிவைத்தேன். நாளுக்கு இரண்டு தடவை போய், தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அவன் அழுதுகொண்டே தேடினான். சித்தி காக்காயைத் திட்டினாள், அணிலைத் திட்டினாள், கடைசியில் என்னைப் பார்த்து, "நீ பாத்தியா சாமி?" என்றாள். "இல்லீங் சித்தி" என்றேன். நாலாம் நாள் அப்பா, வைக்கோலை எல்லாம் உதறிக் காயப்போட வேண்டும் என்றார். அதற்குள் அதை அங்கிருந்து எடுத்தாக வேண்டும்.

ஊர்க்கடைசியில் புளியமரத்தடியில் முனியப்பன் இருக்கிறார். வேண்டுதல் பலித்தவர்கள் மண்ணால் செய்த குதிரை, மாடு, நாய், குழந்தை என்று வாங்கிவந்து வைத்துவிட்டுப் போவார்கள். வைத்ததை யாரும் எடுக்கக் கூடாது. கால் உடைந்தாலும், தலை போனாலும், அது அங்கேயேதான் கிடக்கும். நான் குதிரைவீரனைக் கொண்டுபோய், பின்வரிசையில் ஒரு மண் குதிரையின் வயிற்றுக்கடியில் வைத்தேன். இப்போது அது திருட்டுப் பொருள் இல்லை, சாமி பொருள். எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. திரும்பி நடக்கும்போது வயிற்று எரிச்சல் சுத்தமாக நின்றிருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மண்ணுக்கு நடுவே அலுமினியம் மின்னும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அமாவாசைக்கு இரண்டு குடும்பமும் பொங்கல் வைக்கப் போனோம். பூசாரி குதிரைவீரனைத் துடைத்து, முன்வரிசையில் நடுவில் நிறுத்தி, குதிரை நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சித்தப்பா மகன் கையை நீட்டிவிட்டான். என் அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியப்பா, அது என்றதுங்."

"சாமிகிட்ட வந்துபோட்டா சாமியிதுதான் கண்ணு. கைய எடு."

"ஆரோ வேண்டுதல் வெச்சுட்டுப் போயிருக்கறாங்க. நல்ல வேலைப்பாடுங்" என்றார் பூசாரி, சித்தப்பாவைப் பார்த்து.

சித்தப்பா குனிந்து அந்தக் குட்டைக் காலைப் பார்த்தார். தன் கையால் ஊற்றியது அவருக்குத் தெரியாதா. பிறகு நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஆமாங்க, நல்ல வேலைப்பாடுதான். முன்னங்காலுக்குத்தான் உருக்குனது போய்ச் சேரல" என்றார். அவ்வளவுதான். திருநீற்றை எடுத்து முதலில் எனக்குப் பூசிவிட்டார், பிறகுதான் மகனுக்கு.

நாலைந்து நாள் கழித்துச் சைக்கிளை நிறுத்தியதும் அவர் என்னைக் கூப்பிட்டார். காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. பிரித்தால் பூதம். மற்ற எல்லாவற்றையும்விட இரண்டு மடங்கு பெரிசு. கொம்பு, தொப்பை, ஒரு புளியங்கொட்டையைச் சொருகிவிடலாம் என்கிற அளவுக்குப் பிளந்த வாய்.

"உன்ற பூதத்துக்கு ஒடம்பே இல்லீன்னு இவன் ஒரு மாசமா நச்சரிச்சுப்போட்டான். இந்தா சாமி, இது உன்றது" என்றார். பின்னால் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

எனக்கு எப்படிக் கேட்டது என்றால், நீ திருடன், எங்களுக்குத் தெரியும், இந்தா உன் மூஞ்சி என்று கேட்டது. அதைத் தரையில் வைத்தேன்.

"எனக்கு வேண்டாமுங் சித்தப்பா. நா இனிமே பூதமா இருக்க மாட்டேன்."

சித்தப்பா அதை எடுத்து மறுபடி காகிதத்தில் சுற்றினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கையில் அவர் எதையாவது வைத்தது அதுதான் கடைசி. நான்தான் அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் அவன் பெட்டியோடு பாறைக்கு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"செரிடா, நீயே ராசாவா இரு. வேல்காரன், வில்காரன், நாயி, எல்லாமே உன்றதுதான். நா கொகை போடறேன்."

கடைசியில் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். உருட்டினேன், நகர்த்தினேன், முதல் கொட்டாங்குச்சியைத் தூக்கினேன். ஒரு கல்.

"இது என்னடா?"

"கல்லு."

"கல்லு என்ன பண்ணும்?"

யோசித்தான். "ஒண்ணும் பண்ணாது. தாண்டிப் போயிக்கோ."

அடுத்ததிலும் கல். அதற்கடுத்ததிலும் கல். எட்டு அறையிலும் கல்தான். ஒன்பதாவதைத் தூக்கினேன். சித்தப்பா வார்த்த பூதம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இது என்ன பண்ணும்?"

அவன் என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லுடா."

நக்கல் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் தரக்கூடாது என்று வேண்டுமென்றே எட்டுக் கல்லை வைத்துவிட்டு, கடைசியில் பூதத்தைக் காட்டிக் குத்துகிறான் என்று நினைத்தேன். கொட்டாங்குச்சிகளைக் காலால் எத்திவிட்டு நடந்தேன். பிறகு நாங்கள் விளையாடவில்லை. மறுவருஷம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆட்டுக்கு அனுப்பினார்கள். அவன் படித்துப் பெரிய வேலைக்குப் போய், இப்போது காரமடையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். கல்யாண வீடுகளில் பார்த்தால் மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசுவோம். குதிரைவீரன் இன்னும் முனியப்பனிடம்தான் இருக்கிறான். கோயிலுக்கு வர்ணம் அடித்தபோது அவனுக்கும் சேர்த்து மஞ்சள் அடித்துவிட்டார்கள்.

போன மாதம் பேரனின் கூட்டத்தில் குகை நடத்துகிற பையன் வேலை மாறிப் பெங்களூர் போய்விட்டான். இரண்டு ஞாயிறு மேஜை காலியாகக் கிடந்தது. மூன்றாவது ஞாயிறு பேரன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்புச்சி, நீங்க கொகை நடத்தறீங்களா? ரூல்ஸெல்லாம் நான் படிச்சுச் சொல்லிப்போடறேன்."

"எனக்கொரு கத்தி குடுக்க மாட்டயா?" என்றேன். என் குரல் எனக்கே பத்து வயதுக் குரலாகக் கேட்டது.

"கத்தி ஆரு வேணும்னாலும் புடிக்கலாமுங் அப்புச்சி. எங்க நாலு பேருல ஒருத்தனுக்கும் கொகை நடத்தத் தெரியாது. போன வாரம் சிநேகிதன் ரூம்ல நான் நடத்திப் பாத்தேன். கதவைத் தொறந்தா உள்ள என்ன இருக்குதுன்னு கேக்கறாங்க, எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது."

அவன் காப்பி எடுத்துவர உள்ளே போனான். நான் அலமாரிக்குள் நின்ற கொம்புப் பூதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீ சொல்லுடா" என்றபோது அன்றைக்குப் பாறைமேல் சித்தப்பா மகன் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. கண்ணை விரித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, நான் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.