அடைத்த அறையில் 71.4 கிலோ

இது நடந்தது. நம்ப மறுப்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். எந்த அளவையும் மூன்று முறை எடுக்காமல் நானே நம்பமாட்டேன். இதையும் அப்படித்தான் நம்பினேன்.

ரேடியோ அலைகளைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. வயர்லெஸ் பொருத்திய பொருள்கள் கடைக்குப் போகும் முன் எங்களிடம் வரும். ஜன்னல் இல்லாத இரும்பு அறை, சுவரெல்லாம் கறுப்பு நுரைக் கூம்புகள், நடுவில் சுழலும் மேடை, எதிரே ஆன்டெனா. பொருளிலிருந்து கசியும் அலை, வெளியே எங்கள் திரையில் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் தோல்வி. சோதனை நடக்கும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மனித உடம்பு அலையைக் குடித்துவிடும். அளவு குறைந்துவிடும்.

எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவன் என் அண்ணன். கூட வேலை பார்த்தவளையே கட்டிக்கொண்டான். அன்றோடு அவன் பைக்கின் பின்சீட் எனக்கு இல்லை என்றாயிற்று. போன வருடம் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் தண்ணீர் கேட்டார்கள்.

கூடத்திலும் அதே கதை. அண்ணி சோதித்தால் தேறும். நான் தொட்டால் விழும். "கைராசி வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் போல" என்று மேலாளர் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். அவளிடம் குறை கிடைக்காதா என்று அலைந்தேன். அண்ணன் போன பிறகு நடந்த அலுவலக உடல் பரிசோதனையில் அவள் எடை மெஷினில் ஏறவே மாட்டேன் என்றபோது, மகாராணிக்கு எடை வெளியே தெரிந்துவிடக் கூடாதாம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வாரம் எடை பார்க்கும் கருவி ஒன்று வந்தது. ஏறி நின்றால் எடையை வயர்லெஸ்ஸில் போனுக்கு அனுப்பும். ஆனால் கோட்டைத் தாண்டிக் கசிந்தது. கசிவை அடைத்துத் தேறவைப்பவருக்கே அறையின் பொறுப்பு என்று மேலாளர் சொல்லிவிட்டார். எனக்கு அது வேண்டும். அண்ணிக்குக் கிடைக்கவே கூடாது.

நான் படிக்கப் போகும் மாலை வகுப்பைத் தவிர்த்துவிட்டு உட்கார்ந்தேன். செம்புத் தாள் ஒட்டினேன். வயரை மாற்றிச் சுற்றினேன். மூன்று முறையும் கோட்டுக்கு மேலேதான்.

6.40. குடையை மறந்துவிட்டேன் என்று அண்ணி திரும்பி வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

6.42. திரையில் அலை மெல்லச் சரிந்தது... கோட்டுக்குக் கீழே போய் நின்றது.

நான் எதையும் தொடவில்லை.

கேமராவைப் பார்த்தேன். அறை காலி. கருவி மேடையோடு சுழன்றுகொண்டிருந்தது. அதன் முகப்பில் ஒரு எண்.

71.4.

ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தாங்கிப் பிடித்து எடை பார்த்தவன் நான். அவனுடைய அந்தக் கடைசி எடை எனக்கு மறக்காது.

அண்ணியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு மட்டும்தான் வருவானா அண்ணி?"

"கதவைத் திறக்காத தம்பி. அவரை விட்டுடு."

பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் முந்திக்கொண்டது. மேடையை நிறுத்தினேன். கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனேன். என் காலடி எனக்கே கேட்கவில்லை. கருவியில் இன்னும் 71.4.

ஏறி நின்றேன்.

123.9.

என் எடை 52.5.

கழுத்தில் ஏதோ ஈரமாக... மூச்சு மாதிரி.

இறங்கினேன்.

0.0.

வெளியே அண்ணி கேமராத் திரையைப் பார்த்தபடி நின்றாள். குடையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மறுநாள் மேலாளர் முன்னால் சோதனை. அண்ணியின் முறையில் அலை கோட்டுக்கு மேலே போனது. என் முறையில் கீழே இறங்கியது. அறைப் பொறுப்பு எனக்கு.

அதன் பிறகு நான் சோதித்தது எதுவும் விழவில்லை. ஆனால் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரவில் தோள் வலித்தது. மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷினில் ஏறினேன். இறங்கி மறுபடி ஏறினேன். மூன்று முறையும் 123.9.

இந்த வருட உடல் பரிசோதனை போன வாரம் நடந்தது. வரிசையில் முதல் ஆளாக அண்ணி போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள். நர்ஸ் ஐம்பத்தெட்டு என்றார். அண்ணி இறங்காமல் என் பக்கம் திரும்பினாள். என் முகத்தையல்ல, என் தோளுக்கு மேலே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த வயிற்றெரிச்சல் எனக்குப் பழக்கம். இத்தனை வருடமும் அவளை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"அடுத்து நீங்க, ஏறுங்க" என்றார் நர்ஸ்.

எடை வேண்டாம் என்றேன்.