கருநீலச் சட்டைக்கு ரப்பர் வெள்ளை

ஒரே கடையில் வாங்கிய ஒரே கருநீலச் சட்டைகள். ஆண் பிள்ளைகளின் சட்டையில் எங்கள் பள்ளியின் பெயர் ரயில்வே கேட்டிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எங்கள் சட்டையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அச்சடித்தவர் வெளியாளாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். என் சொந்தச் சித்தப்பா. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, துணியில் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்துகொண்டிருந்தார். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் பாதுகாப்பு வாரத்துக்குப் பனியன், கட்சிக்காரர்களுக்குத் துண்டு, மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி, எல்லாம் அங்கேதான் உருவாகும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பெண்களுக்குக் கபடி அணி என்று ஒன்று முதல்முறையாக அமைந்திருந்தது. சட்டைக்கு எந்த மை என்று தேர்ந்தெடுத்ததே நான்தான். சித்தப்பா மாதிரித் துண்டுகள் இரண்டை என் முன்னால் போட்டார். ஒன்று சாதாரண பிக்மென்ட் மை. வெள்ளைத் துணிக்கு ஏற்றது. கருநீலத்தில் அடித்தால் துணி அதைக் குடித்துவிடும். மற்றொன்று ரப்பர் மை. துணிக்குமேல் தோல் மாதிரி உட்காரும், இழுத்தால் இழுபடும், எந்த இருட்டு நிறத்தையும் மூடிவிடும்.

“ரப்பர் வெள்ளைதான் சித்தப்பா. இதுல யோசிக்க இன்னா இருக்குது?”

“செரி பாப்பா, அதையே போட்டுடலாம்” என்றார்.

மறுநாள் அணி முழுக்கத் தண்டோரா போட்டேன். நம்பரைச் சுற்றிக் கரை வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. கம்பெனி முதலாளி தோரணையில் அதற்கும் அனுமதி கொடுத்தேன்.

சட்டை மூட்டை பள்ளிக்கு வந்தது. பையன்களுடையதை முதலில் பிரித்தார்கள். பால் மாதிரி வெள்ளை. பிறகு எங்களுடையதைப் பிரித்தார்கள். நீலத்தின்மேல் நீலம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஈரம் காய்ந்த தடம்போல ஏதோ தெரிந்தது. “அடிக்கவே மறந்துட்டாராடி?” என்று கோமதி கேட்டாள். எங்கள் அணியில் ரெய்டு போவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கொட்டகையில் சித்தப்பா வலை கட்டிய அச்சுச் சட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா சித்தப்பா இது?”

“வெள்ளை தீந்துபோச்சு பாப்பா. பேஜார் பண்ணாத” என்றார், திரும்பாமலே.

அவர் காலடியிலேயே வெள்ளை மை டப்பா, மூடி திறந்து, ததும்பத் ததும்ப இருந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் காலால் அதை மெதுவாக அங்கிருந்த கட்டிலுக்கடியில் தள்ளினார். பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா! அம்மாவிடம் நியாயம் கேட்கப் போனேன். அவளோ, “பொம்பளப் புள்ளைங்களுக்கு இது போதும். வாய மூடிக்கினு வேலையப் பாரு” என்றாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு அப்போதே விளங்கியது. ஏன் என்பது விளங்கவில்லை. பெண்களுக்கு எதற்கு நல்ல மை என்ற கஞ்சத்தனம்தான் என்று முடிவு கட்டினேன்.

முதல் ஆட்டம் கும்மிடிப்பூண்டியில். எதிரணிக்காரி ஸ்டெல்லாவைத் தொட்டுவிட்டு ஓடினாள். ஸ்டெல்லா ஒன்றாம் நம்பர், கோமதி ஏழு. நடுவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஏழு அவுட்” என்றார். “சார், என்னத்தான் தொட்டாங்க” என்று ஸ்டெல்லாவே கத்தினாள். தன் பெயரில் தானே அவுட் கேட்கும் ஒருத்தியை அவர் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார். அப்படியும் நம்பவில்லை. “மொதல்ல நம்பர ஒழுங்கா போட்டுக்கினு வாங்க” என்றார். கோமதி கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். அவள் இல்லாத அணி என்ன ஆகும்? மடமடவென்று தோற்றோம். திரும்பி வரும்போது ரயிலில் கோமதி என் பக்கம் பார்க்காமலே, “உங்க சித்தப்பாவாலதான்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மை வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார், அம்மா கம்பெனி ஷிப்டில். மொத்த அணியும் கொட்டகைக்குள் நுழைந்தோம். எங்கள் சட்டைக்குச் செய்த சட்டம் அழிக்கப்படாமல் மாட்டியிருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து டப்பாவை இழுத்தேன். முதலில் ஒரு பழைய லுங்கியில் ஒத்திகை. பிறகு ஸ்டெல்லா சட்டத்தை அழுத்திப் பிடிக்க, நான் ரப்பர் பட்டை வைத்த கட்டையால் மையை இழுத்தேன். சட்டத்தைத் தூக்கியதும் கருநீலத்தில் எங்கள் பள்ளியின் பெயர் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நம்பர்களையும் அடித்தோம். சில கோணலாக விழுந்தன. காய்ந்தபின் மை பிடிக்கத் துணி போட்டுத் தேய்த்ததில் அம்மாவின் இஸ்திரிப் பெட்டி வீணாய்ப் போனது வேறு கதை.

சித்தப்பா வந்தபோது சட்டைகள் கயிற்றில் தொங்கின. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் ஒரு சட்டையை எடுத்து எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். துணியை இழுத்து, மை வெடிக்கிறதா என்று பார்த்தார். “நல்லாத்தான் வந்துருக்குது” என்றார். முகத்தில் ஒரு துளி சந்தோஷமில்லை.

அடுத்த ஆட்டம் எங்கள் பள்ளி மைதானத்திலேயே. ஷிப்ட் முடிந்த ஆட்கள் சுற்றுச்சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் களத்தில் இறங்கியதும் எங்கள் மார்பிலிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். எழுத்துக்கு ஒரு விசில், விசிலுக்கு ஒரு சிரிப்பு. நமக்கும் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று பூரித்துப்போனோம். ஸ்டெல்லா அவர்களைப் பார்த்துக் கை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

எங்கள் மார்பில் யார் கண்ணும் படிய வேண்டாம் என்றுதான் அம்மாவும் சித்தப்பாவும் மங்கிய மையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முதுகிலிருந்த நம்பருக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. புரிந்தும் கோபம் போகவில்லை. சுவரில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு வேலி போட முடியாதாம், கோமதியின் ஏழாம் நம்பரை அழித்துவிடலாமாம்! அம்மாவிடம் இன்றும் இதைச் சொல்லிச் சண்டை போடுகிறேன்.

அன்று கோமதி ஆடிய ஆட்டத்தில் ஜெயித்தோம். சித்தப்பா வந்திருந்தார். சுவரையொட்டி, கையைக் கட்டிக்கொண்டு, களத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். அவர் நின்ற இடத்துக்கு எதிரே மட்டும் விசில் ஓய்ந்திருந்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் நான் அவரைப் பார்த்தேன். ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய், “பாத்தியா சித்தப்பா, நம்பர் எப்டி தெரியுதுன்னு?” என்று கேட்டேன்.

“பாத்தேன் பாப்பா” என்றார், சுவரிலிருந்து பார்வையை எடுக்காமல்.

மறுபடியும் பொய். வீடு போய்ச் சேரும்வரை அவரோடு நான் பேசவேயில்லை.