பதினான்கு கொண்டிகள்

எங்கள் வாடகை வீட்டுக்கு வீதியிலிருந்து தொண்ணூற்றாறு படிகள் ஏற வேண்டும். கண்டியில் இது பெரிய விஷயமல்ல. ஆனால் கணவர் நெருப்புக் காய்ச்சலிலிருந்து, அதுதான் டைபாய்டிலிருந்து, எழுந்த பிறகு மூன்று மாதங்கள், நான் ஒவ்வொரு காலையும் வீதிக் குழாயிலிருந்து இரண்டு கலன் தண்ணீரைச் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறினேன். குரங்குகள் எங்கள் கூரைத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கிக் குளிக்கின்றன என்று சொன்னதும் வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தத் தண்ணியில இவர் பல்லுக்கூடத் தேய்க்கக் கூடாது. இன்னொரு தடவை வந்தா உடம்பு தாங்காது. முதல்ல தொட்டியை மூடுங்க."

முதல்ல தொட்டியை மூடுங்க. சொல்வதற்கு எவ்வளவு எளிது!

நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர். எதையும் கோடு போட்டு எழுதிவைப்பேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் இலக்கம், முறை, மூடிய நாள், திறந்த நாள், நேரம், காரணம் என்று ஆறு நிரல்கள் போட்டேன். முதலாவது, மூடிமேல் கருங்கல். உருட்டிவிட்டன. இரண்டாவது, கட்டுக்கம்பி. முறுக்கைப் பிரித்துவிட்டன. நான்காவது, சைக்கிள் டியூப். கடித்துத் துப்பிவிட்டன. ஏழாவது, பூட்டு. பூட்டு அப்படியே இருந்தது. மூடியின் விளிம்புதான் பிய்ந்து போனது. ஒன்பதாவது கொண்டியைக் குரங்கு திறக்கவில்லை, என்னாலும் திறக்க முடியவில்லை. ஆணியைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டு ஐயா யாழ்ப்பாணத்தவர், நீர்வழங்கலில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு மேலாக நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதவிக்கு வரவில்லை. புத்தகங்கள் கொடுத்தார். எல்லாம் கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகள்.

"வாசியுங்கோ பிள்ளை. மின்குமிழ் செய்த மனிசன் எத்தினை இழையை எரிச்சுப் பாத்தவர் தெரியுமே? விடக்கூடாது."

வாசித்தேன். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வந்தது. இழைகளை எரித்துப் பார்த்தவருக்கு ஒரு கூடம் நிறைய உதவியாட்கள் இருந்தார்கள். ரப்பரைப் பதப்படுத்தியவர் வீட்டுச் சாமான்களை அடகு வைத்து, சமையல் அடுப்பிலேயே ரப்பரைக் காய்ச்சினாராம். அந்த அடுப்பில் அன்றைக்கு யார் எதைச் சமைத்தார்கள், பிள்ளைகள் எதைச் சாப்பிட்டார்கள் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அவர்களில் ஒருவராவது உலை பொங்குகிறதென்று ஏணியிலிருந்து பாதியில் இறங்கியிருப்பாரா? விடாமுயற்சி என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். பிறகுதான் இரவல் புத்தகம் என்பது நினைவுக்கு வந்து அழித்தேன்.

பதினான்காவது கொண்டி இரும்புப் பட்டியால் ஆனது, பிலிமத்தலாவையில் ஒட்டுவேலைக் கடையில் சொல்லிச் செய்வித்தது. நான்காம் நாள் காலை மூடி கூரையில் கிடந்தது. தண்ணீரில் மயிர் மிதந்தது.

"இன்னைக்கும் கலன்தானா?" என்றார் கணவர் உள்ளேயிருந்து.

"ஆமா. நீங்க வேணும்னா குரங்குகிட்ட கேட்டுப் பாருங்க."

அதே கோபத்தோடு வேலிக்குப் போனேன். ஐயா பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க ஒருக்கா வந்து பாருங்க. என்னால முடியல."

"ஓம் பிள்ளை," என்றார் தலை நிமிராமல். "ஆறுதலா வந்து பாக்கிறன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. புத்தகம் கொடுத்தது போதாதென்று இனி வந்து என்னைத் தேற்றப் போகிறாரா?

"ஆறுதலெல்லாம் வேணாங்கய்யா! மூணு மாசமா ஆறுதல்தான் நடக்குது!"

அவர் முகம் மாறியது. பத்திரிகையை மடித்தார். கதிரையிலிருந்து எழுந்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் எங்கள் முற்றத்துக்கு வந்து, "ஏணி எங்க?" என்றார்.

"ஐயா, இந்த வயசுல நீங்க ஏறாதீங்க!"

"நீங்கள்தானே ஆறுதலா வேண்டாமெண்டு சொன்னியள்? இப்பவே பாப்பம்."

அப்போதுதான் விளங்கியது. அவருடைய ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்கு ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. எத்தனையோ வருடங்கள் வேலிக்கு இருபக்கமும் பேசியிருக்கிறோம். அவர் ஆறுதலாகச் செய்யச் சொன்ன ஒவ்வொரு முறையும் என்மேல் பரிதாபப்படுகிறார் என்றே நினைத்து எரிந்திருக்கிறேன்.

மேலே ஏறியதும் அவர் மூச்சு வாங்கத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூடியை அல்ல, என்னைப் பார்த்தார்.

"ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையுங்கோ. என்ர தொட்டியையும் நாலு வருசமா உதுகள் திறக்குதுகள். எனக்கும் ஒண்டும் சரிவரேல்லை."

"அப்புறம் எதுக்குங்கய்யா புத்தகம் கொடுத்தீங்க?"

"வேற என்ன தாறது?"

கையோடு கொண்டுவந்த கொப்பியை நீட்டினேன். அவர் விரலை வைத்து நிரல் நிரலாக வாசித்தார். காரணம் என்ற நிரலை விட்டுவிட்டு, நேரம் என்பதில் நின்றார்.

"ஏன் எல்லாம் காலமை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில?"

நான் எழுதியதுதான். பதினான்கு தடவை, என் கையாலேயே. ஒரு தடவையும் மேலிருந்து கீழாக வாசித்துப் பார்த்ததில்லை. காலையில்தான் நகரத் தண்ணீர் வேகமாக வரும். தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்த வேண்டிய மிதவை பழுதாகி, வழிகுழாயால் தண்ணீர் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்கத்தான் குரங்குகள் வந்தன. வந்த இடத்தில் மூடியையும் பார்த்தன.

மிதவையை அன்றே மாற்றினோம். தொட்டியை வெறுமையாக்கி, மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தொட்டியை வெறுமையாக்கி, மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இரண்டு காலை குரங்குகள் வந்து காய்ந்த கூரையைத் தடவிப் பார்த்தன. மூன்றாம் நாள் ஐயாவின் கூரைக்குப் போய்விட்டன. அவருடைய தொட்டியிலும் மிதவை பழுது, அதை மாற்றவேண்டும் என்று அவருக்கு நான்கு வருடங்களாகத் தெரியுமாம்.

பன்னிரண்டு நாள் மூடி அசையவில்லை. பதின்மூன்றாம் நாள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு கணவர் குழாயைத் திறந்து முகம் கழுவினார், பல் தேய்த்தார். துவாயால் துடைத்துக்கொண்டே, "ஒரு மிதவைக்காகவா மூணு மாசம்?" என்றார்.

அந்த இரண்டு கலன்களையும் அவர் கண்ணில் படும்படி வாசலில் கவிழ்த்து வைத்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து ஐயா கூப்பிட்டார். "பிள்ளை, உந்தக் கொப்பியை ஒருக்காக் கொண்டு வாறியளே? இப்ப எல்லாம் இஞ்சதான் நிக்குதுகள்."

"ஆறுதலா வாறேங்கய்யா," என்றேன்.