சாட்சி வீட்டு டீ

1. பச்சைத் தண்ணீர்

டி.எஸ்.பி. கூப்பிட்டு விட்டபோது பெரம்பலூர் ஸ்டேஷனில் ஓர் ஆடு திருட்டுக் கேஸ் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எஸ்.ஐ. ஆகி ஏழாவது வருஷம். போய் சல்யூட் அடித்ததும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“ஏம்மா, நீங்க எவன் வூட்லயும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டீங்களாமே?”

“ஆமாங்க சார்.”

“அதான் உங்களப் போடறேன். செட்டிகுளம் போங்க.”

விஷயம் இதுதான். விக்கிரமங்கலம் பக்கம் ஏரியில் திருட்டு மண் அள்ளியதைத் தடுத்த தலையாரியை, மண் காண்ட்ராக்டர் ஒருவன் இரும்பு ராடால் அடித்துக் கொன்றுவிட்டான். பட்டப்பகலில் நடந்தும் பார்த்தவர்களுக்கெல்லாம் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் தனவேல், செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வியாபாரி. மக்காச்சோளம் விலை பேசிவிட்டுக் காரில் திரும்பும்போது பார்த்தவர். மறு வாரமே அரியலூர் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலமும் கொடுத்துவிட்டார்.

தோட்டம், கமிஷன் மண்டி, நாலு லாரி என்று பெரிய கை. காசு கொடுத்து வாங்க முடியாத ஆள் என்று தெரிந்ததும் மிரட்ட ஆரம்பித்தார்கள். பாதுகாப்புக்குப் போட்ட போலீஸ்காரர், காண்ட்ராக்டரின் மச்சானோடு பிரியாணி சாப்பிடும்போது பிடிபட்டார். அதனால் நான். துணைக்கு லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஏட்டு பாரூக். கொலை நடந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

2. ஆறிப்போன டம்ளர்

பாதுகாப்பு வேலையில் முக்கால்வாசி நேரம் சும்மா இருப்பதுதான். கேட் பக்கம் ஒரு மேஜை, நாற்காலி, பாரா புக். யார் வந்தார், எப்போது போனார், வண்டி நம்பர் என்ன, எல்லாம் நேரம் போட்டு எழுத வேண்டும்.

முதல் நாளே தனவேல் டீயோடு வந்தார். மனைவி இறந்து நாலு வருஷம், பிள்ளை இல்லை. வேலையாட்கள் இருந்தும் டீயை மட்டும் அவரே போடுவார்.

“குடிங்க, எஸ்.ஐ. அம்மா.”

“டூட்டியில குடிக்கறதில்லைங்க.”

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் டீயை மறுத்தால் மனதில் ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் முகம் சின்னதாகிப் போனதைப் பார்த்தேன். ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு டம்ளர் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஆறும் வரை விட்டுவைத்து ஏட்டு எடுத்துக் குடித்துவிடுவார்.

“மேடம், நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சும் கொண்டாந்து வைக்கிறாரு பாருங்க. அல்லாவே, இந்த மனுசன் தெளிவாத்தான் இருக்காரா?” என்பார்.

“வாய மூடிட்டு குடிங்க ஏட்டய்யா.”

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளைகளாகத் திரும்பிப் போயிருந்தார்கள். அந்தப் பேச்சையே விட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தனவேல் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. வருகிற போகிற சைக்கிளுக்குக்கூட நேரம் எழுதியவள், அது வந்த நாளைக் குறித்து வைக்கவில்லை.

3. மேலாக எடுத்த வெங்காயம்

ஒரு மதியம் திருச்சி வியாபாரி என்று ஒருவர் பைக்கில் வந்தார். கையில் மஞ்சள் பை. சோதனை போட வேண்டும் என்றேன். “சரக்கு பாத்துட்டு வரேன் மேடம்” என்று சொல்லிக்கொண்டே வெங்காயப் பட்டறைப் பக்கம் நடந்தார். பட்டறை என்பது மூங்கில் தட்டி கட்டி, தரையில் படாமல் வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் இடம்.

மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்து வியாபாரிகளைப் பார்த்தவள் நான். வாங்க வருகிறவன் முதலில் குனிவான். அடியில் கையை விட்டு எடுத்து மோந்து பார்ப்பான், ஏனென்றால் அழுகல் அடியிலிருந்துதான் கிளம்பும். இந்த ஆள் மேலாக நாலு காயை எடுத்து, “ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றான். கண் வெங்காயத்தில் இல்லை, வீட்டு வாசலில் இருந்தது.

சத்தம் கேட்டுத் தனவேல் வாசலுக்கு வந்தார். அவன் கை மஞ்சள் பைக்குள் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். உள்ளே சின்ன அரிவாள். என் முழங்கைக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. அதற்குள் ஏட்டு அவனைக் கட்டிப்பிடித்துப் பட்டறைக்குள்ளேயே சாய்த்துவிட்டார். வெங்காயம் பாதி வாசல் வரைக்கும் உருண்டது.

தனவேல் உள்ளே ஓடாமல் என்னை நோக்கி ஓடி வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“உள்ள போங்கன்னு சொல்லிருக்கேன்ல!”

“உங்க கையில ரத்தம் வருது. நான் உள்ள போயி என்ன பண்ணட்டும்?”

துண்டால் கட்டிவிட்டு ஒரு டம்ளர் மோர் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டேன்.

பிடித்தவனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டுப் பாரா புக்கில் எல்லாவற்றையும் எழுதினேன். அரிவாள், காயம், மோர் ஒரு டம்ளர். அன்றைக்கே இந்த டூட்டியிலிருந்து விடுவிக்கச் சொல்லி டி.எஸ்.பி.க்கு மனுவும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று போட்டேன்.

“பதினெட்டு நாள்ல சாட்சி கூண்டு ஏறப் போறாரு. அதுவரைக்கும் அந்தக் காரணத்தப் பொட்டியில வைங்க” என்று அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

4. கூண்டு

அரியலூர் கோர்ட்டுக்குப் போகிற வழியில் தனவேல் கேட்டார்: “அங்க என்ன சொல்லணும்?”

“உண்மையச் சொல்லுங்க. அது போதும்.”

எதிர்த்தரப்பு வக்கீல் கொலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று நிரூபிப்பது அவர் திட்டம்.

“இந்த எஸ்.ஐ. உங்க வீட்ல விருந்தாளி மாதிரிதான இருந்தாங்க?”

“இல்லீங்க. டீ கூட குடிச்சதில்ல. ஒரு நாள் மட்டும் மோர் குடிச்சாங்க.”

“ஓகோ! அத ஏன் மறைச்சாங்க?”

நீதிபதி பாரா புக்கைக் கேட்டார். புரட்டிப் பார்த்து, “மறைக்கலையே, எழுதியிருக்காங்க” என்றார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு வக்கீலுக்குச் சுட்டிருக்க வேண்டும்.

“சரி. இந்த அம்மா மேல உங்களுக்கு விருப்பம் உண்டா, இல்லையா?”

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். பின் பெஞ்சில் தலையாரியின் மனைவி உட்கார்ந்திருந்தார். வேறு சாட்சி கிடையாது. தனவேல் வார்த்தை உடைந்தால் கேஸும் உடைந்தது. ‘இல்லை என்று சொல்லிவிடுங்கள்’ என்று மனதுக்குள் வேண்டினேன். காலையில் உண்மையைச் சொல்லச் சொன்ன அதே ஆள் நான்தான்.

தனவேல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்.

“இருக்குதுங்க ஐயா. அவங்களுக்கே இது தெரியாது. ஆனா நான் கொலையப் பாத்தது இவங்களப் பாக்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடிங்க. மாஜிஸ்ட்ரேட்டு ஐயாகிட்ட அன்னிக்குச் சொன்னததான் இன்னிக்கும் சொல்றேன். வேணும்னா ஒத்து வச்சுப் பாருங்க.”

ஒத்து வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் சுவர் ஓரமாக விறைப்பாக நின்றேன்.

அன்று மாலையே டி.எஸ்.பி. என்னை விடுவித்தார். “உங்க சொந்தக் காரணம் என்னன்னு இப்ப அரியலூருக்கே தெரிஞ்சு போச்சும்மா. இனிமே பொட்டியில வைக்க முடியாது.”

5. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வரும் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. போனிலும் இல்லை. காண்ட்ராக்டருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இப்போது பயிற்சிக்கு வரும் எஸ்.ஐ.க்களுக்கு இதைச் சொல்வேன். குடித்த மோரை எழுதுவது சுலபம். மனது சாய்ந்தால் அன்றைக்கே உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். நான் இரண்டு வார்த்தையில் மூடி வைத்ததை ஒரு சாட்சி கூண்டில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பயந்து ஒரு பொய் சொல்லியிருந்தால் கேஸ் உடைந்து, அந்தத் தலையாரி செத்தது செத்ததோடு போயிருக்கும்.

தீர்ப்புக்கு மறுநாள் லீவு போட்டு, சேலை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் செட்டிகுளம் போனேன். கேட் பக்கம் அந்த மேஜை அப்படியே இருந்தது. தனவேல் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். எடுத்துக் குடித்தேன்.

“சக்கரையே இல்லையே?”

அவர் வெட்கப்பட்டார். “ஏட்டுக்கு சுகருங்க. எப்படியும் அவருதான குடிக்கப் போறாருன்னு, சக்கர இல்லாமயே போட்டுப் பழகிருச்சு.”

இப்போது இரண்டு ஸ்பூன் போடுகிறார்.