சிவப்புத் துணி இறங்கிய பகல்

பெண்ணையாற்றங்கரையில் நட்டிருந்த அளவுக்கல்லைப் பார்த்து, மணிக்கு ஒருதரம் தண்ணீர் எத்தனை அடி என்று எழுதுவதுதான் ஐம்பதுகளில் என் உத்தியோகம். இடம் ஓசூருக்குக் கீழே ஒரு திருப்பம். தண்ணீர் குறித்த கோட்டைத் தாண்டினால் கம்பத்தில் சிவப்புத் துணி ஏற்ற வேண்டும். அதை இறக்கும்வரை இரு கரையிலும் ஒருத்தரும் ஆற்றில் கால் வைக்க மாட்டார்கள். தாசில்தார் பேச்சைக் கேட்காதவர்கள்கூட என் துணிக்குக் கட்டுப்பட்டார்கள்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அக்கரையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை என்று கார்டு வந்தது. தீட்டுக் கழியட்டும், முப்பது நாள் பொறுத்து வரச்சொன்னார்கள். சரியாக முப்பதாம் நாள் வெள்ளம் வந்து தொலைத்தது.

தினமும் பகலில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு வருவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் துணியில் சுற்றிய ஒரு சின்ன மூட்டை. கத்தினாலும் ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிள்ளைக்கு யார் மூக்கு என்றுகூடத் தெரியாமல் ஏங்கிப்போனேன். சோறு இறங்கவில்லை. ஆற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வெள்ளம் வந்த பதினோராம் நாள் பகலில், ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் மளமளவென்று வடிந்து முழங்காலளவு ஆனது. என்னோடு கரைக்காவல் வேலை பார்த்த லஸ்கர் முகத்தைச் சுளித்தார்.

"மைசூர் பக்கம் இன்னும் கருகும்முனுதான் இருக்குதுங்க. மழ நிக்காம தண்ணி மட்டும் எறங்குதுன்னா, மேல பாலத்துக் கண்ணுல மூங்கிலும் மரமும் வந்து அடச்சிருக்கும். அது பிச்சுக்கிட்டா மொத்தமா வரும். கொஞ்சம் பொறுங்க."

"கல்லு காட்டறதத்தான் நான் எழுதணும், உங்க சோசியத்த இல்ல" என்று எரிந்து விழுந்தேன். துணியை இறக்கினேன். விதிப்படிதான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

எதிர்க்கரையில் காத்திருந்த என் மனைவி, தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு இறங்கிவிட்டாள். பின்னாலேயே பத்துப் பேர், மாடுகளோடு. இந்தப் பக்கமிருந்து நானும் இறங்கினேன். எங்களுக்கு நடுவில் முப்பது தப்படிதான் இருந்திருக்கும். துணிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீண்டதைப் பார்த்தேன். அப்போது கரையிலிருந்து லஸ்கர் கத்தினார்.

"மேல சத்தம் கேக்குது, திரும்புங்க!"

"போ, போ!" என்று அவளைப் பார்த்து அலறினேன். பின்னால் வந்தவர்களுக்கும் தெரிய வேண்டுமே. திரும்பி ஓடிப்போய்த் துணியை ஏற்றினேன். எல்லோரும் கரையேறிய பிறகுதான், மூங்கில் புதர்களை உருட்டிக்கொண்டு ஆளுயரத் தண்ணீர் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் ஆற்றைக் கடந்து போனேன். குழந்தையை என் மடியில் போட்டாள். மூக்கு என்னுடையது. அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"அன்னிக்குப் போ போன்னு கத்திட்டு முதுகக் காட்டி ஓடுனீங்க. வெள்ளம் அப்புறந்தான வந்துச்சு. பொட்டப்புள்ளன்னு வேணாம்னுட்டீங்கன்னு நெனச்சேன்."

பாலம் அடைத்ததை, துணியை நான் அவசரப்பட்டு இறக்கியதை, எல்லாவற்றையும் சொன்னேன். "பொறுக்கச் சொல்லியும் எறக்குனீங்களா, புள்ளயோட நான் எறங்கற ஆத்துல?" என்றாள். பிறகு குனிந்து, குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.